ஆட்சிக்குழுவும் தரச்சான்றும்: நம் பள்ளிக்கு என்ன பாடம்?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் திண்டுக்கல் சுற்றுவட்டாரப் பெற்றோர் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "அது நல்ல காலேஜா?" என்பதுதான். கல்லூரி விளம்பரங்களில் 'நாக்' தரநிலை பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எழுத்துக்கு என்ன பொருள், அதைப் பெறுவதில் கல்லூரியின் ஆட்சிக்குழுவுக்கு என்ன பங்கு என்பதை நாம் தெரிந்துகொண்டால் பெற்றோருக்குத் தெளிவாக வழிகாட்டலாம். நம் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் சற்று ஆழமாக யோசிக்கலாம்.

தரச்சான்றில் எதைப் பார்க்கிறார்கள்?

பல்கலைக்கழக மானியக் குழு 1994இல் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவை, அதாவது நாக் அமைப்பை, ஏற்படுத்தியது. அதன் தலைமையிடம் பெங்களூரு. நம் மாவட்டத்தில் 1976 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இயங்கும் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் உட்பட நாடெங்கும் உள்ள உயர்கல்வி நிறுவனங்களை இது மதிப்பிட்டு வந்திருக்கிறது.

கட்டடமும் தேர்ச்சி விழுக்காடும் மட்டுமே தரத்தை முடிவு செய்யும் என்று பலர் எண்ணுகிறோம். ஆனால் நாக் வகுத்த ஏழு அளவுகோல்களில் ஆறாவது, 'ஆளுகை, தலைமை, மேலாண்மை'. முடிவுகளை யார் எடுக்கிறார்கள், நிதி எப்படிச் செலவாகிறது, நிறுவனம் தன் குறைகளைத் தானே கண்டறிய வழி வைத்திருக்கிறதா என்பவை இதில் அடங்கும். இதற்காகவே நாக் தரச்சான்று பெற்ற கல்லூரிகளில் அகத்தர உறுதிப் பிரிவு உண்டு. ஆசிரியர், நிர்வாகத்தினரோடு மாணவர், முன்னாள் மாணவர், உள்ளூர்ச் சமுதாயத்தினர் ஆகியோருக்கும் அதில் இடம் தரப்பட்டுள்ளது.

காம்ப்டன் சொல்லும் செய்தி

ஆட்சிக்குழு சரியாக இயங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரி ஒன்றின் கதை சான்றாக உள்ளது. அங்கே சமுதாயக் கல்லூரி என்பது உள்ளூர் மக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ஈராண்டுப் படிப்பும் தொழிற்பயிற்சியும் தரும் நிறுவனம். கலிபோர்னியாவில் இவற்றை, அந்தந்தப் பகுதி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழு நிர்வகிக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே உள்ள காம்ப்டன் சமுதாயக் கல்லூரியில் நிதியும் நிர்வாகமும் சீர்குலைந்தன. 2004இல் மாநில அதிகாரிகள் அறங்காவலர் குழுவின் அதிகாரத்தை நிறுத்திவைத்து, தனி அறங்காவலரை நியமித்தார்கள். ஆனாலும் 2006இல் கல்லூரி தரச்சான்றை இழந்தது. அங்கே தரச்சான்று இல்லாத கல்லூரியில் படிப்பவர் அரசின் கல்வி உதவித்தொகையைப் பெற முடியாது. படித்த பாடங்களைப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதும் கடினம். மாணவர்கள் நடுத்தெருவில் நிற்காமல் இருக்க, பக்கத்திலிருந்த எல் கமினோ கல்லூரி காம்ப்டனைத் தன் கிளை மையமாக ஏற்று நடத்தியது. காம்ப்டன் மீண்டும் தனிக் கல்லூரியாகத் தரச்சான்று பெற்றது 2017இல்தான். நிர்வாகத்தில் நேர்ந்த சீர்கேட்டைச் சரிசெய்யப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

அங்குள்ள தரச்சான்று அமைப்பு ஆட்சிக்குழுவிடம் எதிர்பார்ப்பவை நமக்கும் புரியக்கூடியவையே. கொள்கையையும் வரவுசெலவையும் குழு முடிவு செய்ய வேண்டும். அன்றாட நிர்வாகத்தைக் கல்லூரித் தலைவரிடம் விட்டுவிட வேண்டும். உறுப்பினர் எவரும் தனியாக அதிகாரம் செலுத்தக் கூடாது. தீர்மானம் நிறைவேறிய பின் எல்லாரும் அதன்படி நடக்க வேண்டும். உறுப்பினரின் சொந்த நலன் முடிவில் கலக்கக் கூடாது. குழு தன் செயல்பாட்டைத் தானே அவ்வப்போது மதிப்பிட்டுக்கொள்ளவும் வேண்டும்.

நம் பள்ளிகளில்

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, மானியம் உரியபடி செலவாகிறதா எனப் பார்ப்பது ஆகியவை குழுவின் பணிகள். தமிழ்நாட்டில் 2024இல் மறுகட்டமைப்பு நடந்தபோது முன்னாள் மாணவர்களும் குழுவில் சேர்க்கப்பட்டனர்.

பள்ளிகளை மதிப்பிட 2015இல் வந்த 'ஷாலா சித்தி' திட்டத்திலும் ஏழு களங்கள் உண்டு. ஐந்தாவது, பள்ளித் தலைமையும் மேலாண்மையும். ஏழாவது, பயனுள்ள சமுதாயப் பங்கேற்பு. அந்த ஏழாவது களத்தில் மேலாண்மைக் குழுவின் செயல்பாடும் மதிப்பிடப்படுகிறது. ஆக, கல்லூரியானாலும் பள்ளியானாலும் கேள்வி ஒன்றே: குழு உண்மையிலேயே முடிவெடுக்கிறதா, அல்லது எழுதி வைத்த தீர்மானத்தில் கையெழுத்து மட்டும் போடுகிறதா?

இந்த வேறுபாட்டை எங்கள் பள்ளியில் கண்கூடாகக் கண்டேன். குழுவில் உள்ள தாய்மார்களில் சிலர் பூப்பறிக்கச் செல்பவர்கள்; சிலர் நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். காலையில் கூட்டம் வைத்தபோது நான்கைந்து பேர்தான் வந்தார்கள். நேரத்தை மதியம் மூன்று மணிக்கு மாற்றியதும் பாதிக்கு மேல் வந்தார்கள். அந்த ஆண்டுத் திட்டத்தில் முதல் தேவையாகச் சுவருக்கு வண்ணம் பூசுவதை ஆசிரியர்கள் நாங்கள் எழுதியிருந்தோம். ஓர் அம்மா எழுந்து, "மதியத்துக்கு மேல பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸ்ல தண்ணி வர்றதில்ல. எம்பொண்ணு சாப்பிட்டதும் வீட்டுக்கு வந்துருது" என்றார். மதிய வருகை குறைவதன் காரணம் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. தண்ணீர்த் தொட்டி முதல் தீர்மானமானது. ஊராட்சிக்கு மனு போனது. மூன்றாவது மாதம் குழாயில் தண்ணீர் வந்தது. மதிய வகுப்புகளில் மாணவியர் வருகையும் சீரானது.

நாம் செய்யக்கூடியவை

1. பெற்றோரின் வேலை நேரத்தைக் கேட்டறிந்து கூட்ட நேரத்தை முடிவு செய்யலாம்.
2. கூட்டப்பொருளை இரண்டு நாள் முன்பே உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்வது அவசியம்.
3. தீர்மானத்தைப் பேசி முடித்த பிறகே பதிவேட்டில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.
4. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே பொறுப்பாளர் யார், எந்தத் தேதிக்குள் என்று குறிக்க வேண்டும்.
5. வரவு, செலவு இரண்டையும் உறுப்பினர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.
6. கற்பித்தல் முறை ஆசிரியரின் பொறுப்பு. பிள்ளைகள் கற்கிறார்களா என்று கேட்பது குழுவின் உரிமை. இந்த எல்லையைத் தொடக்கத்திலேயே பேசித் தெளிவுபடுத்தினால் மனத்தாங்கல் வராது.

புற மதிப்பீட்டுக்கு யாரேனும் வரும்போது பதிவேட்டை அவசரமாக நிரப்ப வேண்டிய நிலை இருக்காது. அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாகச் சென்ற மாதத் தீர்மானங்களை வாசியுங்கள். நிறைவேறியது எது, நிறைவேறாதது எது, ஏன் என்று பெற்றோர் முன்னிலையில் பேசிவிட்டு அடுத்த பொருளுக்குச் செல்லுங்கள்.