வகுப்புக்குப் போவதா? பிள்ளையே தீர்மானிக்கும் பாடசாலை

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலண்டன் நீதிமன்றக் கட்டடமொன்றில் வித்தியாசமான வழக்கொன்று விசாரணைக்கு வந்தது. விரும்பிய பிள்ளை மட்டும் வகுப்புக்கு வரலாம் என்ற விதியை ஒரு பாடசாலை கைவிட வேண்டுமா என்பதே அதன் மையக் கேள்வி. முந்திய ஆண்டு அங்கு சென்ற கல்விப் பரிசோதகர்களின் அறிக்கையை வைத்து அரசு பாடசாலைக்கு எதிராக நடவடிக்கை எடுத்திருந்தது. விசாரணையின் நடுவே அரச தரப்பு இணக்கத்துக்கு முன்வந்தது. அதை ஏற்பதா இல்லையா எனத் தீர்மானிக்க, மாணவர்கள் நீதிமன்ற மண்டபத்திலேயே கூட்டம் கூடி வாக்களித்தனர். ஏற்பதென முடிவாகியது. விதியும் நிலைத்தது.

அந்தப் பாடசாலையின் பெயர் சமர்ஹில். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஏ.எஸ். நீல், முதலாம் உலகப் போர் முடிந்து மூன்று ஆண்டுகளின் பின், 1921இல், ஜேர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகே அதைத் தொடங்கினார். பின்னர் அது இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று சஃபோக் பகுதியின் லெய்ஸ்ரன் என்ற சிறுநகரில் இயங்குகிறது. நீலின் தந்தையும் ஆசிரியர்தான். தோல்வாரால் அடித்துப் படிப்பித்த காலத்தில் படித்து, அதே முறையில் படிப்பிக்கவும் தொடங்கியவர் நீல்.

அவரது அடிப்படை நம்பிக்கைகள் மூன்று.

முதலாவது, பிள்ளை பாடசாலைக்கு ஏற்ப வளையக் கூடாது. பாடசாலைதான் பிள்ளைக்கு ஏற்ப அமைய வேண்டும். சமர்ஹில்லில் நேரசூசி உண்டு. ஆசிரியரும் வகுப்பில் இருப்பார். வருவதும் வராததும் பிள்ளையின் விருப்பம். வேறு பாடசாலைகளிலிருந்து வந்தவர்கள் முதலில் விளையாடியே திரிவார்கள். பாடத்தின் மீதான வெறுப்பு ஆற சராசரியாக மூன்று மாதங்கள் ஆகும் என்று நீல் எழுதினார். முந்திய பாடசாலை எவ்வளவு வெறுப்பை ஊட்டியதோ, அவ்வளவு காலம் பிடிக்கும் என்பது அவர் கண்டது.

இரண்டாவது, சுதந்திரம் வேறு, கட்டற்ற போக்கு வேறு. தன்னைப் பொறுத்ததைப் பிள்ளை தானே முடிவு செய்யலாம். மற்றவருக்கு இடைஞ்சல் செய்ய முடியாது. பொதுவான விதிகளைப் பாடசாலைக் கூட்டம் ஆக்குகிறது. அங்கே ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாக்கு, அதிபருக்கும் ஒரு வாக்கு. நீலின் பிரேரணைகளே தோற்றதுண்டு. ஆனால் உயிராபத்துத் தொடர்பான விதிகளை வளர்ந்தவர்களே வைத்துக்கொண்டனர்.

மூன்றாவது, அச்சம் கல்வியின் கருவி அல்ல. பயத்தில் வளரும் பிள்ளை வெறுப்பைப் பழகும், அது வளர்ந்த பின் சமூகத்துக்குள் பரவும் என நீல் கருதினார்.

இதற்கு எல்லைகளும் உண்டு. சமர்ஹில் கட்டணம் அறவிடும், சிறிய விடுதிப் பாடசாலை. அதை அப்படியே எங்கள் கிராமத்துப் பாடசாலையில் நட முடியாது. எல்லாவற்றையும் இழந்த குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்புத்தான் மிஞ்சிய சொத்து. பெற்றோரின் பதற்றம் நியாயமானது. ஆயினும் பிரம்பை ஒதுக்கி வைப்பதற்கும், வகுப்பு விதியொன்றைப் பிள்ளைகளிடம் கேட்டு ஆக்குவதற்கும் பணம் தேவையில்லை. போதுமான அளவு பயத்தைப் பார்த்துவிட்ட எங்கள் வீடுகளில், படிப்பாவது பயமின்றி நடக்கட்டும்.