ஊடகத் துறைச் சுயதொழிலரும் பணியாளர் மேலாண்மை மென்பொருளும்: சிங்கப்பூர்ச் சூழலில் ஒரு நோக்கு

தொலைக்காட்சி நாடகமொன்றின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், விளக்கமைப்பாளர், ஒப்பனைக் கலைஞர், படத்தொகுப்பாளர் எனப் பலருடைய பெயர்கள் இடம்பெறுகின்றன. இவர்களுள் பலர் அந்நாடகத்தைத் தயாரித்த நிறுவனத்தின் ஊழியர் அல்லர். நாளுக்கு இவ்வளவு, அத்தியாயத்திற்கு இவ்வளவு எனத் தொகை பேசி அமர்த்தப்பெறும் சுயதொழிலராவர். சிங்கப்பூரில் தமிழுக்கு வசந்தம் ஒளிவழி 2008ஆம் ஆண்டு முழுநேர ஒளிவழியாக மலர்ந்தபின் இத்தகையோருக்கான களமும் விரிந்தது. இவர்களை அமர்த்துதல், ஆவணங்களைச் சரிபார்த்தல், வேலை நேரத்தைக் கணக்கிடுதல், ஊதியம் வழங்குதல் ஆகியவற்றை இன்று பணியாளர் மேலாண்மை மென்பொருள் மேற்கொள்கின்றது. அம்மென்பொருள் எவ்வாறு இயங்குகின்றது, அதன் பதிவு யாருக்குத் துணை நிற்கின்றது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

ஒப்பந்தத்தின் இருவகை

சிங்கப்பூர்ச் சட்டம் உழைப்பிற்கான ஒப்பந்தத்தை இருவகையாகப் பகுக்கின்றது. ஒருவர் மற்றொருவரிடம் ஊழியராகப் பணிபுரிவதற்கான பணி ஒப்பந்தம் ஒன்று. தம் சொந்தப் பொறுப்பில் தொழில் நடத்தும் ஒருவர் குறிப்பிட்ட சேவையைச் செய்து தருவதற்கான சேவை வழங்கு ஒப்பந்தம் மற்றொன்று. முன்னதற்கு உட்பட்டவருக்கு வேலை நியமனச் சட்டம், முதலாளி செலுத்தும் மத்திய சேம நிதிப் பங்கு, வேலையிடக் காய இழப்பீடு ஆகியவை உண்டு. பின்னவருக்கு இவை இல்லை. அவருடைய நிகரத் தொழில் வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கணக்கில் அவரே பணம் செலுத்த வேண்டும். 2025 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டம் வாடகை வாகன ஓட்டுநருக்கும் பொருள் விநியோகிப்போருக்கும் உரியதேயன்றிப் படப்பிடிப்புக் குழுவினருக்கு உரியதன்று.

ஒருவர் எவ்வகையைச் சேர்ந்தவர் என்பதை ஒப்பந்தத்தின் தலைப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. வேலையின் முறையையும் நேரத்தையும் யார் கட்டுப்படுத்துகின்றார், கருவிகள் யாருடையவை, இலாப நட்டம் யாரைச் சேர்கின்றது என்பனவெல்லாம் கருதப்படுகின்றன. மென்பொருளிலோ இவ்வளவும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடுகின்றது. 'ஊழியர்', 'சுயதொழிலர்' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிவு செய்தால் போதும். அத்தெரிவைச் செய்பவர் அமர்த்துபவரே. நிறுவனத்தின் ஒளிப்படக் கருவியைக் கொண்டு, நிறுவனம் குறித்த நேரத்தில், ஆண்டு முழுவதும் அந்நிறுவனம் ஒன்றுக்கே உழைக்கும் ஒருவர் 'சுயதொழிலர்' என்று பதிவாகியிருப்பின், மென்பொருள் அதனை ஐயுறுவதில்லை. கணக்கைப் பிழையின்றிப் போட்டுக்கொண்டே செல்லும்.

பதிவின் பயணம்

இம்மென்பொருள்களின் இயக்கம் ஒரு சங்கிலி போன்றது. முதலில் பணியாளர் தம் விவரங்களையும் வங்கிக் கணக்கையும் பதிவு செய்கின்றார். அடுத்து ஊதிய உடன்பாடு மின்வழி ஒப்பமிடப்படுகின்றது. அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் அழைப்புத்தாள் அனுப்பப்படுகின்றது; யார் எத்தனை மணிக்கு எங்கே வரவேண்டும் என்பது அதில் இருக்கும். நாள் முடிந்ததும் பணியாளர் நேரப்பதிவைச் செய்ய, தயாரிப்பு மேலாளர் அதற்கு ஒப்புதல் தருகின்றார். ஒப்புதல் பெற்ற பதிவு விலைப்பட்டியலாக மாறிக் கணக்குப் பிரிவைச் சென்றடைகின்றது.

இச்சங்கிலியின் நலிந்த கண்ணி ஒப்புதலே என்பது எமது கருத்து. எடுத்துக்காட்டாக, ஒலிப்பதிவாளர் ஒருவருடைய நாள் ஊதியம் 12 மணி நேர வேலைக்குப் பேசப்பட்டது எனக் கொள்வோம். காலை 7 மணிக்குத் தொடங்கிய படப்பிடிப்பு இரவு 10 மணிக்கு முடிகின்றது. அவர் 15 மணி என்று பதிகின்றார். மேலாளர் அதனை 12 எனத் திருத்தி ஒப்புதல் தருகின்றார். இத்திருத்தம் பணியாளருக்கு அறிவிக்கப்படுமா, பழைய எண் அழியாமல் இருக்குமா என்பது மென்பொருளின் அமைப்பைப் பொறுத்தது. அவ்வாறு இல்லாதபோது, கணினியில் எஞ்சுவது 12 என்னும் எண் மட்டுமே.

மேலும், இத்துறைக்கெனத் தோன்றிய மென்பொருள்களுள் ராப்புக் போன்ற சில அமெரிக்க நடைமுறையை அடியொற்றியவை. அங்குப் படப்பிடிப்புக் குழுவினர் பலர், குறுகிய காலத்திற்கேயாயினும், ஊழியராகவே அமர்த்தப்பெறுகின்றனர். மிகைநேர ஊதியம், ஓய்வு இடைவெளி ஆகியவற்றிற்குச் சட்டமும் தொழிற்சங்க உடன்பாடும் விதி வகுத்துள்ளன. அவ்விதிகளுக்கென அமைந்த கட்டங்கள் சிங்கப்பூர்ச் சுயதொழிலருடைய கணக்கில் வெறுமையாகவே நிற்கும். மிகைநேரத்திற்கு என்ன தொகை என்பதை உடன்பாட்டில் எழுதியிருந்தால் மட்டுமே அங்கு ஓர் எண் தோன்றும்.

எழுதிப் பெறுதலின் தேவையை அரசும் உணர்ந்துள்ளது. சுயதொழிலருடன் ஒப்பந்தம் செய்வதற்கான முத்தரப்புத் தரநிலை 2018 மார்ச்சில் அறிமுகமானது. இருதரப்பினர் பெயர், செய்ய வேண்டிய சேவை, தொகை, கொடுபடும் நாள், பிணக்கு ஏற்படின் தீர்க்கும் வழி முதலியவற்றை எழுத்தில் தருமாறு அது கூறுகின்றது. எனினும், அது நிறுவனங்கள் தாமே முன்வந்து ஏற்பது, கட்டாயமன்று.

'கொடுபடும் நாள்' என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். 'முப்பது நாள்களுக்குள்' என்னும் தொடர் தெளிவானது போலத் தோன்றும். எந்நாளிலிருந்து முப்பது? வேலை முடிந்த நாளா, விலைப்பட்டியல் வந்த நாளா, மேலாளர் ஒப்புதல் தந்த நாளா, ஒளிவழி நிறுவனம் தயாரிப்பாளருக்குப் பணம் தந்த நாளா? மென்பொருளில் நாள் எண்ணுதல் ஒப்புதலோடு தொடங்குமாறு அமைந்திருப்பின், ஒப்புதல் தராத வரையில் ஒரு நாளும் கடப்பதில்லை. மூன்று மாதம் காத்திருப்பவரும் திரையில் 'நிலுவை இல்லை' என்றே காட்சியளிப்பார். பணம் வராதபோது முத்தரப்பு அமைப்பின் சமரசப் பேச்சை நாடலாம்; சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலும், இருதரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும், இரண்டு ஆண்டுகளுக்குள் கோரலாம். அங்கும் கேட்கப்படுவது சான்று. அச்சான்றோ எதிர்த்தரப்பின் கணினியில் இருக்கின்றது. வேலை முடிந்தவுடன் பணியாளருடைய நுழைவுரிமை நீக்கப்பட்டிருப்பின் அவருக்கு அது எட்டாது.

தலைவரும் உதவியாளரும்

ஒளிப்பதிவுப் பிரிவின் தலைவரிடம் ஒரு தொகையை மொத்தமாகத் தந்து, அவர் தம் உதவியாளருக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கமும் இத்துறையில் உண்டு. மலாயாத் தோட்ட வரலாற்றைப் பயில்வோருக்கு இது புதிதன்று. கங்காணி ஆள் சேர்த்தார். வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் எனத் தலைக்காசு பெற்றார். பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிக்கும் அதிகாரம் தோட்ட நிருவாகத்தினுடையது. தொழிலாளியின் கையில் அதன் படி இருந்ததில்லை. இந்திய அரசு 1938இல் உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்ததோடு கங்காணி ஆள்சேர்ப்பும் நின்றது. இருகாலத்தையும் ஒன்றெனக் கொள்வது மிகையாகும். இன்றைய உதவியாளர் வேறிடம் செல்லத் தடையில்லை. ஆயினும், மொத்தத் தொகை கைமாறும் இடத்தில் உதவியாளருடைய பெயர் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை என்னும் ஒப்புமை கருதத்தக்கது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிந்து அவரவர் கணக்கிற்கே பணம் அனுப்பும் மென்பொருள் இங்கு மெய்யான நன்மை செய்கின்றது. 

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அந்நன்மையின் அளவு புலப்பட்டது. தகுதிபெற்ற சுயதொழிலருக்கு மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதங்களுக்கு அரசு உதவித்தொகை வழங்கியது. சுயதொழில் வருமானத்தை வரிக்கணக்கில் காட்டியிருந்தோருள் பலர் விண்ணப்பிக்காமலேயே அதனைப் பெற்றனர். ஏனையோர் விண்ணப்பித்துத் தம் தொழிலையும் வருமானத்தையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கையில் ரொக்கமாகப் பெற்றவருக்கு அது எளிதன்று.

பெயரும் அடையாளமும்

மேலைநாட்டு மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களைக் கட்டாயமாக்குகின்றன. தமிழருக்குக் குடும்பப்பெயர் இல்லை. அடையாள அட்டையில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்பவற்றோடு தந்தை பெயர் இருக்கும். வங்கிக் கணக்கில் அது சுருங்கியிருக்கும். நாடகப் பெயர்ப்பட்டியலில் புனைபெயர் நிற்கும். தந்தையின் பெயர் குடும்பப்பெயராகப் பதிந்துவிட்டால், பணம் வழங்கும் ஆணை தந்தையின் பெயரால் விளிக்கப்படுவதும், பெயர் பொருந்தாமையால் சரிபார்ப்பில் தடைபடுவதும் நேர்கின்றன. முழுப்பெயருக்கு ஒரே கட்டம் அமைப்பதே இதற்குத் தீர்வு. அடையாள அட்டை எண்ணைத் தேவையின்றித் திரட்டுதலை 2019 செப்டம்பர் முதல் தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஆதலின், அட்டையின் படத்தை ஒவ்வொரு தயாரிப்பிற்கும் மீண்டும் மீண்டும் கேட்டுச் சேமிக்கும் பழக்கமும் மறுபரிசீலனைக்கு உரியது.

சென்னையிலிருந்து வரும் தொழில்நுட்பக் கலைஞருக்கு வேறு கணக்கு உண்டு. சிங்கப்பூரில் வரிவழிக் குடியிருப்பாளர் அல்லாத தொழில்முறையாளருக்குரிய தொகையில் பொதுவாக 15 விழுக்காடு பிடித்தம் செய்யப்பட வேண்டும். பிடிக்க வேண்டிய பொறுப்பு பணம் கொடுப்பவருடையது.

சொல்லாட்சி

தமிழாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் கருத வேண்டியது ஒன்றுண்டு. சுயதொழிலாகச் செய்யும் வேலையைப் 'பகுதிநேர வேலை' என்று தமிழில் வழங்குவது பரவலாகியுள்ளது. சட்டத்தில் பகுதிநேர ஊழியர் என்பவர் பணி ஒப்பந்தத்தின்கீழ் வாரத்திற்கு 35 மணி நேரத்திற்குக் குறைவாக வேலை செய்பவர். விடுப்பும் சேம நிதியும் அவருக்கு உண்டு. சுயதொழிலருக்கு இவை இல்லை. 'பகுதிநேரத்தார்' என்னும் தமிழ்க் குறிப்பைப் படித்து ஒப்பமிடும் ஒருவர் தமக்கில்லாத உரிமையை உண்டெனக் கருதக்கூடும். உள்ள உரிமையை இல்லையென விட்டுவிடவும் கூடும். 'பணி ஒப்பந்தம்', 'சேவை வழங்கு ஒப்பந்தம்' என்னும் இணையை இக்கட்டுரையில் நாம் ஆண்டிருக்கின்றோம். முதலாவதில் 'பணி' என்பது சேவை என்றும் பொருள்படுவதால் மயக்கம் முற்றும் நீங்கவில்லை. 'ஊழிய ஒப்பந்தம்' என்பது இதனினும் பொருத்தமாகலாம். தனிப்பாடம் நடத்தும் ஆசிரியரும் நூலுக்கு இவ்வளவு எனப் பேசி மொழிபெயர்ப்போரும் இதே நிலையினர் ஆகையால், இச்சொல்லின் தேர்வு ஒளிவழிக் கலைஞரை மட்டும் சார்ந்ததன்று.