மனோரா: வரலாறும் வழக்காறும்

முன்னுரை

தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினத்தை அடுத்த சரபேந்திரராஜன்பட்டினத்தில், பாக் நீரிணைக் கரையோரமாக நிற்கும் அடுக்குக் கோபுரம் மனோரா ஆகும். தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798-1832) இதனை எழுப்பினார். இக்கோபுரம் குறித்து மக்களிடையே நிலவும் செய்திகளை வரலாற்றுச் சான்றுகளோடு ஒப்பிட்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைப்பு

கோபுரம் அறுகோண வடிவில் எட்டு அடுக்குகளைக் கொண்டது. ஏறத்தாழ 75 அடி உயரமுடையது. ஒவ்வோர் அடுக்கையும் இறவாணம் போன்ற விளிம்பு பிரித்துக் காட்டுகிறது. வளைவுச் சாளரங்களும் சுழற்படிகளும் உள்ளன. சுற்றிலும் மதிலும் அகழியும் அமைந்திருப்பதால் மக்கள் இதனை 'மனோரா கோட்டை' என்றே வழங்குகின்றனர். எனினும் போர்த்தேவைக்காக எழுந்த கோட்டையன்று. வெற்றி நினைவுச்சின்னமாகவே இது எழுப்பப்பட்டது.

பெயர்க்காரணம்

'மனோரா' என்பதை 'மனோகரம்' என்னும் சொல்லோடு இணைத்து, மனத்திற்கு இனிய இடம் எனப் பொருள் கொள்ளத் தோன்றும். ஆனால் மராத்தியில் 'மனோரா' என்பதற்குக் கோபுரம் என்பதே பொருள். ஒளி தரும் இடத்தைக் குறிக்கும் 'மனாரா' என்னும் அரபுச்சொல்லோடு அது தொடர்புடையது. தமிழக இசுலாமியர் பள்ளிவாசல் கோபுரத்தை 'மினாரா' என அழைப்பதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. பொதுப்பெயராக இருந்த சொல் இங்கு இடப்பெயராக நிலைபெற்றுவிட்டது.

வழக்காறுகள்

இக்கோபுரம் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது என்பது ஒரு வழக்காறு. அரச குடும்பத்தார் கடற்காற்று வாங்க இங்கு வந்து தங்கினர் என்பது மற்றொன்று. மேலடுக்கிலிருந்து கடற்பரப்பை நெடுந்தொலைவு காண இயல்வதால் இவ்விரண்டும் நம்பத்தக்கனவாக விளங்குகின்றன. எல்லாவற்றினும் பரவலாக வழங்குவது, வாட்டர்லூ போரில் ஆங்கிலேயர் நெப்போலியனை வென்றதன் நினைவாக இது எழுப்பப்பட்டது என்பதாகும்.

கல்வெட்டுக் காட்டும் காலம்

கோபுரத்தில் தமிழ், மராத்தி, ஆங்கிலம் உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. அது ஆங்கிலப் படைகளின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் கூறுகிறது. ஆண்டு 1814 எனக் குறிக்கிறது. வாட்டர்லூ போரோ 1815 ஜூன் 18 அன்றுதான் நிகழ்ந்தது. எனவே கல்வெட்டுச் சுட்டும் வீழ்ச்சி அதற்கு முந்தையது. 1813 அக்டோபரில் லைப்சிக்கில் தோல்வியுற்ற நெப்போலியன், 1814 ஏப்ரலில் முடிதுறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டார். இந்நிகழ்வே கல்வெட்டின் ஆண்டோடு பொருந்துகிறது. 1815இல் அவர் மீண்டு வந்து இறுதியாகத் தோற்றபின், வாட்டர்லூவின் புகழ் முந்தைய வீழ்ச்சியை மறைத்தது. அப்புகழே இக்கோபுரத்தின் வரலாற்றிலும் ஏறிக்கொண்டது எனலாம்.

அரசியற் பின்னணி

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சரபோஜி தம் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் ஆண்டு உதவித்தொகையுமே அவருக்கு எஞ்சின. அத்தகைய மன்னரைக் கல்வெட்டு ஆங்கில அரசின் நண்பர் என்றும் கூட்டாளி என்றும் குறிக்கிறது. படை நடத்தும் உரிமை இழந்த ஓர் அரசர், தாம் பங்குகொள்ளாத போரின் வெற்றிக்குச் சின்னம் எழுப்பியிருக்கிறார். விசுவாசத்தைப் புலப்படுத்துவதோடு, தம்மை இன்னும் ஓர் அரசராக அறிவித்துக்கொள்ளவும் இக்கோபுரம் அவருக்கு உதவியது எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

மனோராவின் பெயர் மராத்தியையும் அதன்வழி அரபையும், கல்வெட்டு ஐரோப்பியப் போரையும், அமைவிடம் தமிழகக் கடற்கரையையும் ஒருங்கே இணைக்கின்றன. வாட்டர்லூ வழக்காற்றைப் பிழையென ஒதுக்குவதினும், ஒரு பெருநிகழ்வு தன் முன்நிகழ்வை மக்கள் நினைவில் எவ்வாறு விழுங்கிவிடுகிறது என்பதற்குச் சான்றாகக் கொள்வதே பொருத்தமாகும். அவ்வழக்காற்றைத் திருத்தும் சான்று அக்கோபுரத்திலேயே பொறிக்கப்பட்டிருத்தலின், கல்வெட்டைக் காப்பது கோபுரத்தைக் காப்பதற்கு இணையான கடமையாகும்.