மணநிச்சயப் படமும் மலைநாடும்

முற்காலத்துப் படப்பிடிப்பு நிலையங்களில் சுவரோரமாக ஒரு திரைச்சீலை தொங்கும். ஒரு மலை, அதன் உச்சியில் ஒரு முகில், சரிவிலே விழும் ஓர் அருவி ஆகியன அதிலே வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். மணமக்கள் அத்திரைக்கு முன்னே நிற்பர். படம் பிடிப்பவர் கறுப்புத் துணிக்குள்ளே தலையைப் புகுத்தி, அசையாமல் நிற்குமாறு பணிப்பார். அந்த மலையிலே மழை பெய்வதில்லை, மூடுபனி சூழ்வதில்லை, காற்று வீசிச் சேலைத் தலைப்பைக் கலைப்பதுமில்லை. எந்நேரத்திற் சென்றாலும் அது ஒரே மலையாகவே நிற்கும்.

இன்று நிலைமை வேறு. விவாக நிச்சயம் நிறைவேறியதும் இளையோர் திரைச்சீலையை விடுத்து உண்மை மலையையே நாடிச் செல்கின்றனர். நுவரெலியா, அப்புத்தளை, எல்ல முதலிய ஊர்களின் சாலையோரங்களிலே பட்டுடுத்த பெண்ணையும், மேற்சட்டை அணிந்த மாப்பிள்ளையையும், கமரா தாங்கிய இளைஞரையும் காண்பது வழக்கமாகிவிட்டது. இது விரும்பத்தக்க மாற்றமே. எனினும், உண்மை மலையையும் அந்தப் பழைய திரைச்சீலையைப் போலவே கருதிப் புறப்படுவோர் பலர். அவர்களுட் சிலர் மழையிலே நனைந்து வெறுங்கையுடன் திரும்புகின்றனர்; வேறு சிலர் ஆபத்திலே அகப்படுகின்றனர். மலைக்குக் காலமுண்டு, நேரமுண்டு, அங்கே வாழும் மக்களும் உண்டு. இவற்றை அறிந்து இடந்தெரிவு செய்வோருக்கே நல்ல படம் கிட்டும்.

முதலிற் காலத்தை நோக்குவோம். இலங்கையின் மத்திய மலைநாடு இரு பருவக்காற்றுகளுக்கும் குறுக்கே எழுப்பிய மதில் போன்றது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கடலிலிருந்து சுமந்துவரும் ஈரத்தை மேற்குச் சரிவுகளிலே இறக்கிவிடுகின்றது. கினிகத்தேனை, அற்றன், தலவாக்கலை ஆகிய இடங்கள் நாட்கணக்காக நனைவது இக்காலத்திலேதான். மதிலைக் கடந்து மறுபுறம் இறங்கும் காற்றோ ஈரத்தை இழந்து, இறங்க இறங்க வெம்மையுற்று, ஊவாப் பகுதியிலே வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தை அளிப்பதும் இவ்வறட்காற்றே. ஆதலின் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நுவரெலியா மழையில் ஒடுங்கியிருக்கும்போது, சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள பண்டாரவளையிலும் எல்லவிலும் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும்.

டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றின் முறை. அப்பொழுது நிலைமை தலைகீழாகும். பதுளைப் பக்கமும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கீழைச் சரிவுகளும் மழையைப் பெறும். ஜனவரிப் பிற்பகுதி தொடங்கி மார்ச் வரை மேற்குச் சரிவுகளுக்கும் நுவரெலியாவுக்கும் நல்ல காலமெனலாம். அந்நாட்களிலே நுவரெலியாவில் இரவு கடுங்குளிராயிருக்கும். சில விடியல்களிற் புல்லின்மேல் உறைபனி வெண்மையாகப் படிந்து கிடப்பதையுங் காணலாம். இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலை தெளிந்தும் பிற்பகல் இடிமுழங்கியும் இருத்தல் இயல்பு. இம்மாதங்களில் எடுக்க வேண்டிய படத்தை முற்பகலிலேயே எடுத்து முடித்தல் அறிவுடைமை. ஏப்ரலில் நுவரெலியாவிலே வசந்தகாலக் கொண்டாட்டம் நிகழ்வதால், தனிமையை நாடுவோர் அம்மாதத்தைத் தவிர்ப்பது நன்று.

காலத்திற்கு அடுத்தது நேரம். இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலே இருக்கின்றது. குளிர்நாடுகளிற் சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்ந்து மெல்ல மேலெழும். இங்கோ அது ஏறத்தாழ நேர்குத்தாக மேலேறிவிடுகின்றது. ஆகையால் முகத்திலே பொன்னிறம் பூசும் மெல்லொளி உதயத்தின் பின்னும், மறைவின் முன்னும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் மாத்திரமே நிலைக்கும். எட்டு மணி கடந்தபின் ஒளி கடுமையாகும். நண்பகலிலோ கண்குழிகளில் நிழல் விழுந்து, அழகிய முகமும் களைத்த முகமாகத் தோன்றும்.

மலையிலே இன்னொரு நுட்பமும் உண்டு. சமவெளியிலே உதயம் எல்லார்க்கும் ஒன்று; மலையிலே சரிவுக்குச் சரிவு வேறு. கிழக்கே உயர்ந்த முகடு நின்றால், அதன் அடியிலுள்ள பள்ளத்தாக்கில் வெயில் படுமுன்னரே சூரியன் உயர்ந்து, மெல்லொளி கழிந்துவிடும். எனவே காலைப் படத்திற்குக் கிழக்கு நோக்கிய சரிவையும், மாலைப் படத்திற்கு மேற்கு நோக்கிய சரிவையும் தெரிதல் வேண்டும். முதல் நாளே அவ்விடஞ் சென்று, ஒளி எப்பொழுது எங்கே விழுகின்றது என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்வோர் மறுநாள் தடுமாறார்.

மூடுபனி எவ்வாறு தோன்றுகின்றது என்பதையும் அறிதல் வேண்டும். காலை வெயிலிற் சரிவுகள் சூடேற, அவற்றைத் தொட்டுநிற்கும் காற்றும் சூடேறி மேலெழுகின்றது. பள்ளத்தாக்கின் ஈரத்தையும் அது உடன் கொண்டு செல்கின்றது. உயரத்திற் குளிர்ந்ததும் அவ்வீரம் முகிலாகின்றது. ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறை இதற்குச் சிறந்த உதாரணம். எண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட அப்பள்ளத்தை விடியலிலே தெளிவாகக் காணலாம். ஒன்பது, பத்து மணியளவில் அது பெரும்பாலும் வெண்முகிலால் மூடப்பட்டுவிடும். விடுதியிலே ஆறுதலாகக் காலையுணவு அருந்திப் புறப்படுவோர் வெள்ளைச் சுவரொன்றையே கண்டு மீள்வர்.

ஆயினும் மூடுபனி பகையன்று. அது ஒளியைப் பரப்பி முகத்தின் கடுநிழல்களை நீக்கும். பின்னணியிலுள்ள வேண்டாத பொருள்களை மறைக்கும். ஆனால் கமராவின் ஒளிமானி வெண்பனியைக் கண்டு, வெளிச்சம் மிகுந்துவிட்டதென மயங்கிப் படத்தைச் சாம்பல் நிறமாக்கும். படம் பிடிப்பவர் அதனையறிந்து, ஒளியைச் சற்றுக் கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

இனி, இடத்தைப் பற்றிச் சிந்திப்போம். பெயர்பெற்ற இடமே நல்ல இடமென்பது பலரின் எண்ணம். அப்புத்தளைக்கு அப்பால், தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் அமைத்த தம்பேதென்னத் தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே உள்ளது ‘லிப்டன் இருக்கை’. அவ்வுச்சியிலிருந்து நோக்கினால், அடுக்கடுக்காக இறங்கும் தேயிலைச் சரிவுகளும் தென்றிசைச் சமவெளியும் ஒருங்கே தோன்றும். அக்காட்சி அற்புதமானதே. ஆனால் அங்கே காற்று பலமாக வீசும். காண வருவோரும் பலர். தொழிற்சாலையிலிருந்து அவ்வுச்சிக்கு ஏறும் பாதையின் ஏதோவொரு வளைவிலே, பெயரற்ற ஒரு சரிவின் அருகே நின்று எடுக்கும் படம் உச்சியில் எடுப்பதினும் சிறந்து விளங்கக்கூடும். நுவரெலியா கிறெகரி வாவியும் இத்தகையதே. தேசாதிபதி வில்லியம் கிறெகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்ட அவ்வாவி பகலிலே படகுகளும் குதிரைகளும் நிறைந்த சந்தடி. அதிகாலையிலோ நீரின்மேல் ஆவி தவழும் அமைதி. இடம் ஒன்றே, நேரம் அதனை இரண்டாக்குகின்றது.

இடம் எதுவாயினும், படத்தின் பொருள் மலையன்று, மனிதரே. மலை முழுவதையும் படத்துள் அடக்க முயன்றால் மணமக்கள் இரு புள்ளிகளாவர். மலைமுகட்டின் கோடு கழுத்தையோ தலையையோ ஊடறுத்துச் செல்லுமாறு நிற்பித்தல் கூடாது; முகடு தோளுக்குக் கீழே அமைதல் நன்று. தூரமலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் பூத்து மங்குவதை நன்கு காட்ட, அவற்றிற்கு முன்னே கடும் பசுமை சிறிது இருத்தல் வேண்டும். உடையின் நிறமும் இங்கே கவனத்திற்குரியது. தேயிலைப் பசுமையின் நடுவே பச்சைச் சேலை கரைந்து மறையும்; அரக்கு, மஞ்சள், செம்மண் நிறங்கள் எடுப்பாகத் தோன்றும். மூடுபனியில் வெண்ணிறம் மங்கும், கருஞ்சிவப்பு ஒளிரும்.

குளிரையும் மறத்தல் ஆகாது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியசு குறையும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா கொழும்பினும் ஏறத்தாழ பன்னிரண்டு பாகை குளிர்ந்தது. மெல்லிய பட்டுடுத்து நடுங்கும் பெண்ணின் முகத்திலே புன்னகையை வரவழைத்தல் அரிது. படத்திற்குப் படம் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளிச் சால்வையும், நடப்பதற்கு ஏற்ற பாதணியும், சுடுநீர்க் குப்பியில் தேநீரும் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

இவையனைத்தினும் மேலானது உயிர்ப் பாதுகாப்பு. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டில் உருக்கின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டப்பட்டது. ஏறத்தாழ 24 மீற்றர் உயரமும் 91 மீற்றர் நீளமும் உடைய அப்பாலத்தின் வனப்பு, தண்டவாளத்தில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. பக்கச் சரிவிலே நின்று நோக்குபவருக்கே தெரியும். அங்ஙனமிருக்க, தண்டவாளத்தின் நடுவே மணமக்களை நிறுத்துவதனால் விளையும் பயன் யாது? பாலத்தின் அருகிலேயே சுரங்கமும் உண்டு, வளைவும் உண்டு. வரும் வண்டியைத் தொலைவிலே கண்டு விலகலாமென எண்ணுவது பேதைமை. ஓடும் புகையிரதத்தின் வாயிலில் தொங்கிப் படமெடுக்க முயன்று உயிரிழந்தோரும் இந்நாட்டில் உளர். ‘உலக முடிவு’ போன்ற பாறை விளிம்புகளுக்கும், அருவியின் தலைப்பிலுள்ள வழுக்குப் பாறைகளுக்கும் இது பொருந்தும். விளிம்பிலிருந்து பல அடி பின்னே நின்றாலும், கமராவைத் தாழ்த்திப் பிடித்தால், விளிம்பில் நிற்பதுபோன்ற தோற்றம் படத்தில் அமையும். தோற்றத்திற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

மழைக்கால மலைச்சரிவும் நம்பத்தக்கதன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு சரிவே பெயர்ந்து, தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு வரிசைகளை மூடிற்று. 2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளியோ மலையகமெங்கும் மண்சரிவுகளை விளைவித்தது. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளிலே படப்பிடிப்பைத் தள்ளிவைத்தலே கடமை. படம் இன்னொரு நாள் எடுக்கலாம்.

இறுதியாக, அங்கே வாழும் மக்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலைத் தோட்டம் பொதுப் பூங்காவன்று. அது ஒரு தொழிற்களம். தோட்டக் காரியாலயத்திலே அனுமதி பெற்றே உட்செல்லல் முறை. நிரைகளுக்கிடையே ஓடியாடினாற் செடியின் இளங்கிளைகள் முறியும். பறித்த கொழுந்தை எடையிட்டே அங்கே நாள் வேலை கணக்கிடப்படுகின்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணை நிறுத்தி, அவள் கூடையை இரந்து வாங்கி, மணப்பெண்ணின் முதுகிலே மாட்டிப் படமெடுப்பார், அவளுடைய எடையிலிருந்து சில நிமிடங்களைக் கழித்துவிடுகின்றனர். அவளைப் படமெடுக்க விரும்பினால், முதலில் வணக்கங் கூறி இசைவு கேட்டல் வேண்டும். மறுத்தாற் புன்னகையுடன் விலகல் வேண்டும். அம்மலைகளைக் காடழித்துப் பசுமையாக்கியோர் அவளுடைய முன்னோர். அவர்களின் வருகை தொடங்கி இருநூறு ஆண்டுகள் நிறைந்தமையை மலையகத் தமிழர் 2023ஆம் ஆண்டிலே நினைவுகூர்ந்தனர்.

வனங்களுக்கும் இவ்வொழுக்கம் உரியது. ஹோர்ட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமைப் பிரதேசத்தின் ஒரு கூறாகவும் விளங்குகின்றது. அங்கே நெகிழிப் பைகளும் உறைகளும் வாயிலிலேயே அகற்றப்படுகின்றன. குறித்த பாதையை விட்டு விலகுதலும், பூக்களைப் பறித்தலும், வண்ணத்தாள்களைத் தூவுதலும் ஆகா.

எந்த மலையைத் தெரிவது என ஐயுறுவோர் பிறர் படங்களைப் பார்த்து முடிவு செய்வதினும், தம் இருவர் வாழ்வையும் எண்ணிப் பார்ப்பது நன்று. பெண்ணின் பாட்டியார் கொழுந்து பறித்த தோட்டமாகலாம். மாப்பிள்ளை பள்ளிக்கு நடந்த மலைப்பாதையாகலாம். இருவீட்டாரும் முதன்முதல் ஒன்றுகூடிச் சென்ற கோயிலின் படியாகலாம். அங்கே முதியோரையும் அழைத்துச் சென்று, அவர்களையும் அருகே நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். முப்பது ஆண்டுகள் கழித்து அப்படத்தைப் பார்க்கும் பிள்ளைகள், ‘இது எந்த இடம்?’ என்று கேட்பர். அப்பொழுது சொல்வதற்கு ஒரு கதை வேண்டும். பழைய திரைச்சீலையின் மலைக்குக் கதை எதுவும் இருந்ததில்லை. உண்மை மலைக்கு உண்டு.