ஷோரூமில் பளிச்... வீட்டில் டல்... புது டி.வி-க்கு என்னதான் ஆச்சு?

"ஏம்மா, கடையில பார்த்த டி.வி-யைத்தான் அனுப்பியிருக்காங்களா... இல்ல, வேற பெட்டியை மாத்தி அனுப்பிட்டாங்களா?"

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு 55 இன்ச் 4கே டி.வி வந்த அன்று இரவு, அப்பா கேட்ட கேள்வி இது. ரிட்டயர்மென்ட் பணத்தில் அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான். கடையில் மயில் தோகை விரித்தபோது ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. வீட்டில் அம்மா சீரியல் போட்டதும், கதாநாயகியின் முகம் மழையில் நனைந்த கோலம் மாதிரி கலங்கித் தெரிந்தது. அப்பா பில்லை எடுத்து மாடல் நம்பரைச் சரிபார்த்தார். அதே நம்பர்தான்!

அப்படியென்றால் கடையில் பார்த்தது என்ன?

கடைக்கென்று தனி மோடு!

புது டி.வி-யை முதன்முதலில் ஆன் செய்யும்போது, 'வீடா, கடையா?' என்று பெரும்பாலான டி.வி-க்கள் கேட்கும். கடை மோடைத் தேர்ந்தெடுத்தால் வெளிச்சம், கான்ட்ராஸ்ட், நிறம் எல்லாமே உச்சத்துக்குப் போய்விடும். வெள்ளை நிறம்கூட லேசாக நீலம் கலந்து 'பளிச்'சென்று இருக்கும். ஷோரூமில் தலைக்கு மேல் வரிசையாக விளக்குகள் எரிகின்றன, பக்கத்தில் இன்னும் பத்து டி.வி-க்கள் ஓடுகின்றன. அந்தக் கூட்டத்தில் அதிக வெளிச்சமாக இருப்பதையே நம் கண் 'நல்ல டி.வி' என்று நினைத்துக்கொள்ளும்.

வீட்டு மோடிலோ, மின்சாரத்தை மிச்சப்படுத்த வெளிச்சம் குறைந்துவிடும். கடையில் பார்த்த வெளிச்சத்தை இரவில் ஹாலில் வைத்தால் கண் கூசும். கரன்ட்டும் கூடுதலாகச் செலவாகும்.

ஏன் எப்போதும் மயிலும் அருவியும்?

கடையில் ஓடும் வீடியோ சாதாரண சேனல் அல்ல. நல்ல வெளிச்சத்தில் உயர்தர கேமராவில் எடுத்து, பென் டிரைவிலிருந்தோ டி.வி-யின் மெமரியிலிருந்தோ ஓடவிடுகிறார்கள். கறுப்புப் பின்னணியில் பூ, பழம், மெதுவாக நகரும் காட்சிகள் என்று எல்லாமே டி.வி-யை அழகாகக் காட்டத் தேர்ந்தெடுத்தவை. வேகமாக ஓடும் கிரிக்கெட் பந்தோ, இருட்டில் நடக்கும் சண்டையோ அதில் பெரும்பாலும் வராது. டி.வி-யின் குறைகள் தெரிவதே அந்தக் காட்சிகளில்தான்.

ஒரு புள்ளி... 20 புள்ளி!

4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. முழு ஹெச்.டி படத்தில் சுமார் 21 லட்சம். சாதாரண எஸ்.டி சேனலில் சுமார் 4 லட்சம்தான். அதாவது, ஒரு புள்ளிக்கான தகவலை வைத்துக்கொண்டு 20 புள்ளிகளை டி.வி நிரப்ப வேண்டும். மீதியை அதுவே ஊகித்துப் போடுகிறது. பழைய 32 இன்ச் டி.வி-யில் தெரியாத கலங்கல், 55 இன்ச்சில் பெரிதாகத் தெரியக் காரணம் இதுதான்.

சினிமா சீரியல் மாதிரி தெரிகிறதா?

சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. அசைவு வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று, இடையிடையே தானாகப் படங்களை உருவாக்கிச் செருகும் வசதி பல டி.வி-க்களில் உண்டு. கிரிக்கெட்டுக்கு இது சரி. சினிமாவுக்குப் போட்டால், பெரிய பட்ஜெட் படம்கூட வீடியோ கேமராவில் எடுத்ததுபோல் ஆகிவிடும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும், 'இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள்' என்று வீடியோவே வெளியிட்டார்கள்.

என்ன செய்யலாம்?

* வாங்கும் முன்: உங்கள் வீட்டில் பார்க்கும் சேனலையே கடையில் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். போனில் எடுத்த குடும்ப வீடியோ ஒன்றை பென் டிரைவில் கொண்டுபோங்கள். பிக்சர் மோடை 'சினிமா'வுக்கு மாற்றிப் பாருங்கள்.

* வாங்கிய பின்: கடை மோடில் இருந்தால் வீட்டு மோடுக்கு மாற்றுங்கள். 'சினிமா' அல்லது 'மூவி' மோடில் வையுங்கள். ஷார்ப்னெஸைக் குறையுங்கள். படம் மங்கலாக இருந்தால் மின்சேமிப்பு வசதியை அணைத்துப் பாருங்கள்.

* டியூப்லைட்டும் ஜன்னலும் திரையில் பிரதிபலிக்காத இடத்தில் டி.வி-யை வையுங்கள்.

* ஓ.டி.டி பார்ப்பவர்கள், உங்கள் பிளானில் 4கே உண்டா என்று பாருங்கள். எல்லா பிளானிலும் அது கிடையாது.

* மிக முக்கியம், பின்பக்க வயர்!

எங்கள் வீட்டுப் பிரச்னை அந்த வயரில்தான் இருந்தது. செட்டாப் பாக்ஸ் என்னவோ ஹெச்.டி-தான். ஆனால், பழைய டி.வி-யில் மாட்டியிருந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரையே இதிலும் மாட்டியிருந்தோம். அதில் ஹெச்.டி வரவே வராது. ஹெச்.டி.எம்.ஐ வயரை மாட்டி, ஹெச்.டி சேனலுக்கு மாறியதும் கதாநாயகியின் காதோரத் தோடுவரை தெரிந்தது.

கடையில் பார்த்த மயில் அளவுக்கு வரவில்லை. வரவும் வராது. ஆனால் பில்லை மடித்து பீரோவில் வைத்துவிட்டு வந்த அப்பா, "ஏமாந்துட்டேனோன்னு ரெண்டு நாளா தூக்கமே வரலம்மா" என்றார்.

உங்கள் வீட்டிலும் யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால், முதலில் டி.வி-க்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்!