மின் ஸ்ரீகோசங்களும் மணிப்ரவாள எழுத்தும்

பூர்வாசார்யர்கள் அருளிச்செய்த வ்யாக்யானங்கள் ஓலையிலிருந்து அச்சுக்கு வந்தன. இப்போது அச்சிலிருந்து மின்னூலுக்கு வருகின்றன. ஸ்ரீகோசம் எவ்வடிவினதாயினும் படியெடுப்பார்க்குரிய கடமை ஒன்றே. திருவாய்மொழி வ்யாக்யானங்கள் ஆறாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி எனப் பெயர் பெற்றது எழுத்தெண்ணிக்கையாலேயாம். 32 எழுத்துக் கொண்டது ஒரு க்ரந்தம்; அத்தகைய 36,000 கொண்டது ஈடு என்பது கணக்கு. இங்ஙனம் எழுத்தை எண்ணிக் காத்த ஸம்ப்ரதாயத்தில் ஓரெழுத்தின் சிதைவும் சிறிதன்று.

மின்னூல் இருவகைப்படும். அச்சுப்பக்கங்களைப் படமெடுத்துக் கோத்தது ஒன்று. எழுத்துக்களையே உள்ளீடு செய்தது மற்றொன்று. முன்னதில் மூலம் உள்ளவாறே நிற்கும். ஆயின் சொல்லைத் தேடுதலும், பார்வை குன்றியவர்க்காக எழுத்தைப் பெரிதாக்கி வரிகளை அதற்கேற்ப மடக்குதலும் இயலா. பின்னதில் இவை இயலும். பாசுரத்திலிருந்து வ்யாக்யானத்திற்கும், அதிலிருந்து அரும்பதத்திற்கும் இணைப்பு அமைக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பெரும்பாலும் இவ்வகையில் நடந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தன்னார்வலர் தட்டெழுதிப் பிழைதிருத்தி, நாலாயிர திவ்யப்ரபந்தம் உள்ளிட்ட நூல்களை விலையின்றி அளித்தனர்.

பாசுரங்களுக்குத் தமிழெழுத்துப் போதும்; மணிப்ரவாள வ்யாக்யானத்திற்குப் போதாது. பழைய பதிப்புகள் பலவற்றில் வடசொற்கள் க்ரந்தாக்ஷரத்தில் உள்ளன. அவற்றைத் தமிழெழுத்தில் மட்டும் பெயர்த்தால் வல்லினத்தின் நால்வகை ஒலியும் ஒன்றாகிவிடும். 'பலத்யாகம்' என்றெழுதினால், துறக்கப்படுவது பயனோ வலிமையோ என்று ஐயம் எழும். 'பாவம்' என்பது தீவினையையும் குறிக்கும், உள்ளக்கருத்தையும் குறிக்கும். காலக்ஷேபத்தில் கேட்டவன் இடம்நோக்கி அறிவான். திரையில் தனியே வாசிப்பவன் மயங்குவான்.

இதற்கு வழிகள் உள. 2014இல் வெளிவந்த ஒருங்குறி 7.0 க்ரந்தாக்ஷரத்திற்குத் தனியிடம் அளித்தது. எல்லாக் கருவிகளிலும் அதற்குரிய எழுத்துரு இராதாதலின், அதனை மின்னூலினுள்ளேயே பொதிந்து தருதல் வேண்டும். க்ரந்தாக்ஷரம் அறியாதார்க்கு ப²லம் (பயன்), ப³லம் (வலிமை) என எண்ணிட்டெழுதும் முறை உதவும். எண்ணிட்ட சொல் தேடலில் அகப்படாமற் போகக்கூடும். ஆகவே சொல்லடைவில் எண்ணில்லாத வடிவையும் சேர்த்தல் நன்று.

படத்திலிருந்து எழுத்தைக் கண்டறியும் மென்பொருள் துணைக்கால் குறியையும் ரகரத்தையும் மாற்றிப் படிப்பதுண்டு. க்ரந்தாக்ஷரம் விரவிய பக்கத்தில் பிழை மேலும் பெருகும். ஆகவே ஒருவர் வாசிக்க மற்றொருவர் ஒப்புநோக்கும் பழைய முறை இங்கும் வேண்டும். மூலமாகக் கொண்ட பதிப்பு, அதன் ஆண்டு, பாடபேதங்கள், திருத்திய நாள் ஆகியவற்றை முகப்பிற் குறித்து, பக்கப்படத்தையும் உடன்வைத்தால் ஐயம் தீர்த்துக்கொள்ளலாம்.

நஞ்சீயர் ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்கக் கொடுத்தபோது ஓலைகள் காவிரியில் போயின. கேட்ட அர்த்தம் நெஞ்சிலிருந்தமையால் நம்பிள்ளை அதனை மீண்டும் எழுதினார் என்பது ஐதிஹ்யம். கருவிக்கு அந்த நெஞ்சு இல்லை. காவாந்தண்டலம் போன்ற செய்யாற்றங்கரைச் சிற்றூர்களிலாயினும் பெருநகரங்களிலாயினும், க்ரந்தாக்ஷரம் வாசித்துப் பொருள் சொல்லவல்ல முதியோர் உள்ளபோதே, தட்டெழுதவல்ல இளையோர் அவர்களருகே அமர்ந்து இப்பணியை முடித்துக்கொள்ளல் வேண்டும்.