பூங்காவுக்கு நாயோடு போகிறீர்களா?

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. உரிமையாளர் கைதானார். அன்றிலிருந்து பூங்காக்களில் இரண்டு குரல்கள் மோதிக்கொள்கின்றன: 'நாயை உள்ளே விடாதீர்கள்', 'எங்க நாய் ஒண்ணும் பண்ணாது'. சட்டம் இந்த இரண்டு கட்சியிலும் இல்லை.

உரிமை எதுவரை?

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் (1960) 11ஆவது பிரிவின்படி, எப்போதும் கட்டிப்போட்டோ அடைத்தோ வளர்க்கும் நாயைப் போதிய அளவு நடமாட விடாததும் வதைதான். குடியிருப்போர் சங்கங்கள் பூங்காவில் வளர்ப்புப் பிராணிகளை அடியோடு தடுப்பது சரியல்ல, எல்லோருக்கும் ஒத்துவரும் நேரத்தைப் பேசி முடிவு செய்யலாம் என்கின்றன விலங்குகள் நல வாரியத்தின் 2015 நெறிமுறைகள். மாநகராட்சிப் பூங்காவுக்கு விதி வேறாக இருக்கலாம். வாசலில் உள்ள பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

கிளம்பும் முன்

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. தடுப்பூசிகளை முழுதாகப் போட்டு முடிக்காத குட்டியைப் பூங்காவுக்குக் கொண்டுபோக வேண்டாம். குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கோடையில் அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ போங்கள். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காத நாய், மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சிரமம்.

உள்ளே போனபின்

கழுத்துப்பட்டையும் கயிறும் எப்போதும் வேண்டும். பந்தைத் துரத்தி ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது என்று வையுங்கள். இழுத்தால் நீளும் கயிறாக இருந்தால், நீங்கள் பொத்தானை அழுத்துவதற்குள் நாய் குழந்தையை எட்டிவிடும். ஆட்கள் நடமாடும் இடத்தில் கைக்கெட்டும் நீளத்துக் கயிறே பாதுகாப்பு. ஆவேசமான நாய்க்கு வாய்மூடியும் போடுங்கள். அடக்கிப் பிடிக்க முடியாத சிறுவர் கையில் நாயைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

நாய் மலம் கழித்தால், பையைக் கையுறை போல மாட்டிக்கொண்டு அள்ளி, அப்படியே உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டால் கையில் படாது. 'மண்ணுக்கு உரம்தானே' என்று விட்டுவிடாதீர்கள். அதிலுள்ள கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள், மணலில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள் நுழைந்து, வளைந்து ஓடும் அரிப்புத் தடங்களை உண்டாக்கும்.

கடித்துவிட்டால்

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள்; தடுப்பூசி இலவசம். ரத்தம் வரும் அளவு ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்பதற்காகத் தாமதிக்காதீர்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

நாயின் உரிமையாளர் நழுவிப் போகாமல் தடுப்பூசி அட்டையைக் காட்டி, நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரும்படி பிராணியை அலட்சியமாக விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பாதிக்கப்பட்டவர் காவல் நிலையத்தில் புகார் தரலாம். சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணிலும் சொல்லலாம்.

நாய் வளர்க்காதவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பின் தெரியாத நாயை உரிமையாளரைக் கேட்காமல் தொடாதீர்கள், கல்லெறிந்து சீண்டாதீர்கள். நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: ஒருவர் காட்டும் அலட்சியத்தால் எல்லா நாய்களுக்கும் பூங்காக் கதவு மூடப்படும். உரிமம், கயிறு, ஒரு பை ஆகிய மூன்றும் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.